காம்பவுண்ட் வில்லிலிருந்து ரிகர்வுக்கு மாறினால் மான் வேட்டைக்கு எத்தனை பவுண்டு வில் வாங்கலாம்?

அமெரிக்காவில் 70 பவுண்டு இழுப்பு எடையுள்ள காம்பவுண்டில் (கப்பிகள் வைத்த வில்) மான் வேட்டையாடுகிறேன், ரிகர்விலும் (நுனிகள் முன்பக்கம் வளைந்த, கப்பியில்லாத வில்) அதே 70 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். காம்பவுண்டில் நாணை முழுசாக இழுத்ததும் கப்பிகள் சுமையில் 80 சதவீதம் போல வாங்கிக்கொள்ளும், கையில் நிற்பது 14 பவுண்டுதான். ரிகர்விலோ இழுக்க இழுக்க எடை ஏறிக்கொண்டே போய் மொத்தமும் மூன்று விரல்களில் உட்காரும். 35 பவுண்டில் பழகுங்கள், தோள் நடுங்காமல் நின்றபின் 45க்குப் போகலாம், மானுக்கு அது தாராளம். ஆனால் உங்கள் மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வில்லில் எழுதியிருப்பது 28 அங்குல இழுப்புக்கான எடை, அதைத் தாண்டினால் அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு கூடும்.

அப்புறம் அம்பு. வில்லின் கைப்பிடிக்கு மேலே உள்ள மேடையிலேயே அம்பை வைத்து எய்வதாக இருந்தால் அம்பின் பிளாஸ்டிக் இறகு அதில் இடித்து அம்பைத் திருப்பிவிடும். நிஜ வான்கோழி இறகு படிந்து கொடுத்துப் போய்விடும்.

தூரத்தில்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். காம்பவுண்டில் எட்டும் 40 கஜத்தை மறந்துவிடுங்கள். அன்றைய முதல் அம்பே, கை சூடேறாதபோதே, எவ்வளவு தூரத்தில் தவறாமல் நெஞ்சுப் பகுதியில் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை, பலருக்கு அது 20 கஜத்துக்குள்தான். அதற்கு மேல் எய்து மானைக் காயத்தோடு ஓடவிடாதீர்கள்.