கோல்ட் (Colt) கம்பெனியின் பழைய பைத்தான் ரிவால்வர் நல்லதா, 2020இல் மறுபடி வந்த புதியது நல்லதா? வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

நான் இருப்பது டெக்சாஸில். என்னிடம் இருப்பது புதியது. கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்து வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இருப்பது பழையது, அவருடைய அப்பா வாங்கியது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே பெட்டித் தோட்டாவைப் பங்கிட்டுச் சுட்டுப் பார்த்திருக்கிறோம். என் கருத்து: சுடுவதற்குப் புதியது, வைத்து ரசிப்பதற்குப் பழையது. பழைய ஆட்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1955இல் பைத்தான் வந்தபோது விலை 125 டாலர், அன்றைக்கு அது கனத்த தொகை. பெரியவருடையதை வெயிலில் திருப்பினால் கறுப்பா கருநீலமா என்று கண் தடுமாறும். அவ்வளவும் கையால் ஏற்றிய மெருகு. பின்னாலிருந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹாமரைத் தொடாமல் நேரே ட்ரிக்கரை இழுத்தால் வெண்ணெய் மாதிரி போய், கடைசி நூலளவில் மட்டும் கனக்கும். இதை ‘ஸ்டாக்கிங்’ என்பார்கள். எனக்கு அது தொந்தரவு. பெரியவருக்கோ அந்தக் கனம்தான் ‘இதோ வெடிக்கப்போகிறது’ என்ற அறிவிப்பு. ட்ரிக்கரை அழுத்திப் பிடித்திருக்கும்போது, தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டர் துளிகூட ஆடாது.

ஆனால் அந்த இறுக்கமே அதற்கு எமன். சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் சின்ன இரும்புத் துண்டுதான் சுடும் நேரத்தில் அதை இறுக்கிப் பிடிப்பதும். அது தேய்ந்தால் டைமிங் போய்விடும். சிலிண்டர் சரியாகப் பூட்டிக்கொள்ளும் முன்பே ஹாமர் விழுந்துவிடும். வேறு துண்டை வாங்கிப் போட்டால் தீராது, அரத்தால் ராவிப் பொருத்தத் தெரிந்த கை வேண்டும். அப்படிப்பட்ட கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பெரியவர் ஒருமுறை அனுப்பிவிட்டு எட்டு மாதம் காத்திருந்தார். நல்ல நிலையில் இருந்தால் 3,000 டாலரைத் தாண்டும் பொருளில் .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவை வாராவாரம் போட யாருக்கு மனசு வரும்?

புதியது 1,499 டாலர் பட்டியல் விலையில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வந்தது. உள்ளே பாகங்கள் குறைவு. குறி பார்க்கும் பின் சைட்டுக்குக் கீழே உலோகம் தடிமன். ட்ரிக்கர் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சீராக வருகிறது, கடைசிக் கனம் கிடையாது. முதல் வருடம் வாங்கிய சிலர் சிலிண்டர் சுழலாமல் நிற்கிறது என்று புகார் சொன்னது உண்மைதான். என்னுடையது பிறகு வாங்கியது, இதுவரை ஒழுங்காக இருக்கிறது.

இன்னொரு ரிவால்வர் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்காரர்களின் பழையதா புதியதா சண்டை வேறு ரகம். அவர்களுடைய புதிய ரிவால்வர்கள் பலவற்றில் இடது பக்கம், சிலிண்டர் திறக்கும் பொத்தானுக்கு மேலே, ஒரு சாவித் துளை இருக்கும். 2000இல் அந்தக் கம்பெனி கிளின்டன் அரசோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது. கோபத்தில் வாடிக்கையாளர்கள் புறக்கணித்தார்கள். 2001இல் ஆங்கிலேய முதலாளிகள், கம்பெனியின் கடனையும் வாங்குபவர் தலையில் கட்டி, வெறும் 1.5 கோடி டாலருக்கு விற்றார்கள். வாங்கியது துப்பாக்கிப் பூட்டுக் கம்பெனி! பூட்டு உள்ளே வந்துவிட்டது. அந்தத் துளையைப் பார்த்தாலே பலருக்கு அந்தப் பழைய கோபம் ஏறுகிறது. சுடும்போதே அது தானாகப் பூட்டிக்கொள்ளும் என்றும் சொல்வார்கள், ஆனால் எனக்குத் தெரிந்த யாருக்கும் நடந்ததில்லை. புதிய துப்பாக்கிகளில் இருக்கும், உலோகப் பொடியை அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டெடுக்கும் உதிரி பாகங்களைத் திட்டுவதும் இதே வகைதான். பார்க்க அழகில்லை, வேலை செய்கிறது.

சரி, பழையதுதான் வேண்டும் என்றால் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஹாமரை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹாமர் முழுதாக நிற்கும் முன்பே சிலிண்டர் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு துளைக்கும் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று பிந்தினாலும், அந்த எட்டு மாதக் காத்திருப்பையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.