வீட்டில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏன் ஒருவர் பின் ஒருவராக வருகிறது?

மூத்தவன் எழுந்து விளையாடும் அன்றைக்குச் சின்னவள் படுத்துவிடுவாள். காரணம், நோயரும்பு காலம்: கிருமி உள்ளே போனதிலிருந்து முதல் அறிகுறி தெரியும்வரை ஆகும் நாட்கள். கிருமி பெருகிய பிறகுதான் உடம்பு சுடும். ஃப்ளூவுக்கு 1 முதல் 4 நாள். சின்னம்மைக்கு 10 முதல் 21 நாள்.

எங்கள் தருமபுரிப் பக்கம் ராகியை ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டுவோம். ராத்திரி பிரித்துப் பார்த்தால் வெறும் தானியம்தான். மறுநாள் அவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாக முளை. சின்னவள் உடம்பும் அந்த மூட்டை மாதிரிதான். போதாததற்கு, இந்த இரண்டு நோயும் அறிகுறிக்கு முந்தைய நாளே ஒட்டும். காய்ச்சல் கண்டபின் டம்ளரைப் பிரித்து வைப்பது கொஞ்சம் தாமதம்தான், ஆனாலும் பிரியுங்கள்.

மூத்தவனின் மிச்ச ஆன்டிபயாடிக் சிரப்பைச் சின்னவளுக்கும் ஊற்றினால் போதும் என்பது தவறு. ஃப்ளூவும் சின்னம்மையும் வைரஸ் என்ற கிருமியால் வருபவை; வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.