பாஸிவ் வாய்ஸ் விதி தெரியும், பேசும்போது வரவில்லை. எப்படிப் பழகுவது?

"பி" வடிவத்தோடு (இஸ், ஆர், வாஸ் போன்றவை) வெர்பின் மூன்றாவது ஃபார்மைச் சேர்க்க வேண்டும் என்ற விதி மனப்பாடமாக இருக்கிறது, ஆனாலும் பேசும்போதும் எழுதும்போதும் பாஸிவ் (செயப்பாட்டு வினை) கைக்கு வரவில்லை, வீட்டிலேயே என்ன பயிற்சி செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், "ஐ ஈட் எ மேங்கோ"வை "எ மேங்கோ இஸ் ஈட்டன் பை மீ" என்று புரட்டிப் போடும் பயிற்சியை நிறுத்துங்கள். தேர்வில் மதிப்பெண் வரும். ஆனால் மாம்பழம் தின்றதை ஆங்கிலத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "லெட் தி டோர் பி ஓப்பன்ட்" என்பதும் அதே ரகம்தான், தேர்வுத்தாளோடு விட்டுவிடலாம். செய்தவர் யாரென்று தெரியாத இடத்திலும், தெரிந்தாலும் சொல்லத் தேவையில்லாத இடத்திலும்தான் பாஸிவ் இயல்பாக வரும்.

அந்த இடத்தில் தமிழில் நாம் என்ன சொல்கிறோம் என்று கவனியுங்கள். "லிஃப்ட் பழுதுபார்க்கப்படுகிறது" என்பது அறிவிப்புப் பலகையில் இருக்கும். வாயில் வருவது "லிஃப்டை ரிப்பேர் பண்ணிட்டு இருக்காங்க". யார் பண்ணுகிறார்கள்? அதைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. ஆள் பெயர் இல்லாத அந்த "ஆங்க"தான் பேச்சுத் தமிழின் பாஸிவ். பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.

செய்முறை இதுதான். "ஐ" உருபு ஏறிய சொல்லைப் பிடியுங்கள்: லிஃப்டை. உருபைக் கழற்றி வாக்கியத்தின் தலையில் வையுங்கள்: தி லிஃப்ட். பிறகு தமிழ் வினையின் வாலைப் பார்த்து "பி" வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ரிப்பேர் பண்ணிட்டு இருக்காங்க: தி லிஃப்ட் இஸ் பீயிங் ரிப்பேர்ட்.
ரிப்பேர் பண்ணிட்டாங்க: ஹேஸ் பீன் ரிப்பேர்ட்.
நேத்து ரிப்பேர் பண்ணினாங்க: வாஸ் ரிப்பேர்ட் யெஸ்டர்டே.
நாளைக்கு ரிப்பேர் பண்ணுவாங்க: வில் பி ரிப்பேர்ட் டுமாரோ.
ரிப்பேர் பண்ணணும்: ஹேஸ் டு பி ரிப்பேர்ட்.
அப்பவே ரிப்பேர் பண்ணியிருக்கணும்: ஷுட் ஹேவ் பீன் ரிப்பேர்ட்.

ஆறு வரியிலும் "ரிப்பேர்ட்" அசையவே இல்லை. காலம் முழுவதும் அதற்கு முன்னால் நிற்கும் சொற்களில்தான் மாறுகிறது. இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "பீயிங்" வந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது, "ஹேஸ் பீன்" வந்தால் முடிந்துவிட்டது. அவசரத்தில் "இஸ் ரிப்பேரிங்" என்று சொல்லிவிட்டால், லிஃப்டே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேறெதையோ பழுதுபார்ப்பதாக அர்த்தம் ஆகிவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு வெர்ப் போதும். மூன்றாவது ஃபார்ம் தனியாக மாறும் வெர்ப்களை முதலில் எடுங்கள்: டேக்கன், கிவன், ஸ்டோலன், ப்ரோக்கன், ரிட்டன். "வாஸ் டுக்", "வாஸ் ரோட்" என்று இரண்டாவது ஃபார்மில் போய் விழுவது இந்த வெர்ப்களில்தான். வீட்டிலும் தெருவிலும் காதில் விழும் "ஆங்க" வாக்கியங்களில் பத்தைக் குறித்துவைத்து ஒவ்வொன்றையும் ஆறு வாலிலும் ஓட்டுங்கள். "பைக்கைத் திருடிட்டாங்க", "கேட்டைப் பூட்டிட்டாங்க", "ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க" எல்லாம் நல்ல சரக்கு.

இனி, தமிழர்களுக்கு அடிக்கடி வரும் சில தவறுகள். "ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்", "ஹி வாஸ் டைட்" இரண்டும் பிழை. வெர்பிடம் "எதை? யாரை?" என்று கேளுங்கள். உடைத்தார்கள், எதை? பதில் வருகிறது, பாஸிவ் ஆகும். நடந்தது, எதை? கேள்வியே நிற்கவில்லை, பாஸிவ் ஆகாது. தமிழ் இந்த வேறுபாட்டை வினையிலேயே காட்டுகிறது: "கண்ணாடி உடைஞ்சிடுச்சு" என்றால் "தி கிளாஸ் ப்ரோக்", "கண்ணாடியை உடைச்சிட்டாங்க" என்றால் "தி கிளாஸ் ஹேஸ் பீன் ப்ரோக்கன்".

அடுத்தது "ஆல்". "போலீஸால் பிடிபட்டான்", "கத்தியால் வெட்டினாங்க" என்று தமிழில் ஆளுக்கும் கருவிக்கும் ஒரே உருபு. அதனால் "வாஸ் கட் பை எ நைஃப்" என்று வந்துவிடுகிறது. ஒருவர் கையில் எடுத்து வேலை செய்த கருவிக்கு "வித்". "பை" செய்தவருக்கு, அதுவும் செய்தவர் பெயரே செய்தியாக இருக்கும்போது மட்டும். பெரிய கோவில் 1010-ல் கட்டி முடிந்தது என்று சொல்ல "தி டெம்பிள் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1010" போதும். "கட்டினது யாரு?" என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் "பில்ட் பை ராஜராஜ சோழா" வர வேண்டும். "பை ஸம்படி", "பை பீப்பிள்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

பேச்சில் அதிகம் பலன் தருவது "எனக்கு", "என்னை" வாக்கியங்கள். "எனக்கு டோக்கன் குடுத்தாங்க" என்பதைப் பலர் "டு மீ" என்று தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அந்த "எனக்கு" அப்படியே ஆங்கில "ஐ" ஆகும்: "ஐ வாஸ் கிவன் எ டோக்கன்". "என்னை நாளைக்கு வரச் சொன்னாங்க" என்றால் "ஐ வாஸ் டோல்ட் டு கம் டுமாரோ". "வெயிட் பண்ணச் சொன்னாங்க" என்றால் "ஐ வாஸ் ஆஸ்க்ட் டு வெயிட்". ஆனால் "எக்ஸ்ப்ளெய்ன்" இதற்கு ஒத்துவராது. "ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட்" பிழை. "இட் வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட் டு மீ" சரி.

எழுத்துப் பயிற்சிக்கு ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று வரிசையாக எழுதுவதுதான் சிறந்தது. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கின் முதல் எழுத்துப் பகுதியில் செய்முறைப் படம் கொடுத்து விவரிக்கச் சொல்வதும் உண்டு. குறைந்தது 150 சொற்கள், 20 நிமிடம். செங்கல் அறுப்பை எடுத்துப் பாருங்கள். மண்ணை வெட்டுறாங்க: தி க்ளே இஸ் டக். தண்ணி ஊத்திக் குழைக்கிறாங்க: இட் இஸ் மிக்ஸ்ட் வித் வாட்டர். அச்சுல போடுறாங்க: இட் இஸ் புட் இன்டு மோல்ட்ஸ். வெயில்ல காய வைக்கிறாங்க: தி ப்ரிக்ஸ் ஆர் ட்ரைட் இன் தி சன். சூளையில சுடுறாங்க: தே ஆர் ஃபையர்ட் இன் எ கில்ன். மண் செங்கல்லாக மாறும் இடத்தில் "இஸ்" போய் "ஆர்" வருகிறது பாருங்கள். எழுதி முடித்ததும் முதலில் திருத்திப் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.