அழுங்காமை நிறத்தில் ஒரு பூனைக்குட்டி

கேள்வி: எங்கள் கருப்புப் பூனை ஈன்ற மூன்று குட்டிகளில் இரண்டு தாயைப் போலக் கருப்பு, ஒன்று மட்டும் கருப்பும் செவலையும் திட்டுத்திட்டாகக் கலந்து பிறந்திருக்கிறது. என் கணவர் கடலுக்குப் போகிறவர். இந்த நிறம் வீட்டுக்கு ஆகாது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் மாமியார். இது ஏன் இப்படிப் பிறந்தது? கெட்ட சகுனமா?
– வாசகி, பாம்பன்

பதில்: குட்டியை எங்கும் விட்டுவிடாதீர்கள், தாய்ப்பால் மறவாத குட்டி தனியே பிழைக்காது.

ஆங்கிலேயர் இதை ஆமையோட்டுப் பூனை என்பர். அவர்கள் சொல்லும் ஓடு, உங்கள் மன்னார் வளைகுடாவிலும் வாழும் அழுங்காமையினுடையது. கருமையும் தேன்நிறமும் கலந்த அந்த ஓட்டில் சீப்பும் பேழையும் செய்த காலம் உண்டு.

செவலை நிறத்துக்கான மரபணு, ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புடைய எக்ஸ் குரோமோசோமில் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளில் ஒன்று) இருக்கிறது. அதில் டி.என்.ஏ.வின் சுமார் 5,000 எழுத்து நீளத் துண்டு ஒன்று விடுபட்டிருப்பதே அந்த நிறத்துக்குக் காரணம் என்று ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்டனர். பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு, தாய் தருவது ஒன்று, தகப்பன் தருவது ஒன்று. ஆணுக்குத் தாய் தரும் ஒன்று மட்டுமே. கரு வளரும்போதே ஒவ்வொரு உயிரணுவும் இரண்டில் ஒன்றை முடக்கிவிடுகிறது. எது முடங்கும் என்பதற்கு ஒழுங்கில்லை. தாயின் எக்ஸ் இயங்கும் இடம் கருப்பாகவும், தகப்பனுடையது இயங்கும் இடம் செவலையாகவும் அமைகிறது. ஆகவே உங்கள் குட்டி பெண், அதன் தகப்பன் செவலைக் கடுவன் என்று இங்கிருந்தே சொல்லலாம். அதே கடுவனுக்குப் பிறந்தவையானால், கருப்புக் குட்டிகள் இரண்டும் ஆண்களே. கலப்பு நிறத்தில் ஆண் பிறப்பது ஏறக்குறைய 3,000இல் ஒன்று. அதற்கும் எக்ஸ் இரண்டு இருக்கும், பெரும்பாலும் இனப்பெருக்கத் திறன் இராது.

இந்தத் திட்டுகள் இன்னொரு பூனைக்கு அப்படியே வாய்ப்பதில்லை. 2001இல் டெக்சாஸில் கருப்பு, செவலை, வெள்ளை கலந்த மூவண்ணப் பூனை ஒன்றின் உயிரணுவிலிருந்து நகலாக்கிய குட்டி, அந்தச் செவலை நிறமே இல்லாமல் பிறந்தது.

கடலுக்குப் போனவர் கரை திரும்பும்வரை வீட்டில் இருப்பவர் மனம் எதைக் கண்டாலும் அஞ்சும். உங்கள் மாமியாரின் கலக்கம் எனக்குப் புரிகிறது. அவரிடம் ஜப்பானியக் கடலோடிகளைப் பற்றிச் சொல்லுங்கள். மூவண்ண ஆண் பூனை மரக்கலத்தில் இருந்தால் புயல் அண்டாது என்று அவர்கள் நம்பினார்கள். அங்கே கடைகளில் கையை உயர்த்தி வாடிக்கையாளரை அழைக்கும் பூனைப் பொம்மைக்கும் பெரும்பாலும் அந்த மூவண்ணமே பூசுகிறார்கள்.

குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.