காயலான் கடையும் தோட்டமும்

அன்புள்ள சார்,

தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் பரணைக் காலி செய்தோம். எல்லாம் மாமியார் காலத்துச் சாமான்கள். வாய் உடைந்த ஊறுகாய் ஜாடி மூன்று, தையல் மிஷினின் இரும்புக் கால், ஆட்டுக்கல், காது போன காபிக் கோப்பையும் சாஸருமாக முப்பதுக்கு மேல், மூடி பொருந்தாத டிபன் கேரியர் அடுக்குகள். எதையும் எடைக்குப் போட மனசு வரவில்லை. யூடியூபில் பார்த்து ஒரு டயரை வெட்டிக் கிளி செய்தேன். பச்சையும் சிவப்பும் அடித்து வாசல் கொய்யா மரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்து கோப்பைகளை ஒட்டி ஒரு கோபுரம் செய்யலாம் என்று யோசனை. ஊரிலிருந்து வந்த மகன் பார்த்துவிட்டு, "என்னம்மா, காயலான் கடை வச்சிருக்கீங்களா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இது கலையில் சேர்த்தியா, இல்லை தூக்கிப் போடத் தெரியாத அல்பத்தனமா? தோட்டம் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்களே என்று கேட்கிறேன்.

க., ராஜபாளையம்

அன்புள்ள க.,

முதலில் அந்தக் கோபுரம் வேண்டாம். நான் செய்து பார்த்தவன். எட்டுக் கோப்பை, எட்டு சாஸர், நடுநடுவே உடனே ஒட்டும் பசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்து, துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்து, போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். சித்திரை வெயிலைத் தாங்கியது. அப்புறம் ஒரு கோடை மழை. காலையில் பார்த்தால் மேல் நான்கும் தரையில் கிடந்தன, கீழ் நான்கில் தண்ணீர் நின்றது. வழவழப்பான பீங்கானில் அந்த மாதிரிப் பசை நன்றாகப் பிடிப்பதில்லை. ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டால் விட்டுவிடும். பசையே கூடாது, நடுவில் துளை போட்டு இரும்புக் கம்பியில் கோத்திருக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. ஆனால் கம்பியில் கோத்திருந்தாலும் அது அசடாகத்தான் இருந்திருக்கும். அது எனக்குச் சண்டிகர் போனபோது தெரிந்தது.

அங்கே கழிவுப் பொருள்களைக் கொண்டே 'ராக் கார்டன்' என்ற சிற்பத் தோட்டத்தை உருவாக்கிய நேக் சந்த் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் 1924ல் பிறந்தவர், பிரிவினையில் இந்தப் பக்கம் வந்தவர். சண்டிகர் நகரம் எழும்பிக்கொண்டிருந்தபோது பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. கட்டடக் கலைஞர் கார்பூசியேவின் திட்டப்படி புது நகரம் வர, அங்கே ஏற்கெனவே இருந்த கிராமங்களை இடித்தார்கள். அந்த இடிபாட்டையும் நகரம் கழித்துப் போட்டதையும் இவர் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு போய், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் யாரும் எதுவும் கட்டக் கூடாத காட்டுப் பகுதியில் சேர்த்தார். 1950களின் கடைசியில் ஆரம்பித்தது. பகலில் அரசாங்க வேலை, ராத்திரியில் இது. ஏறக்குறைய பதினெட்டு வருடம் யாருக்கும் தெரியாது. 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. 1976ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளம் போட்டு, ஐம்பது ஆட்களையும் கொடுத்தார்கள். நம் அரசு அலுவலகங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இப்படியும் எப்போதாவது நடக்கும்.

அங்கே ஒரு திருப்பத்தில் பெண்களின் கூட்டம் நிற்கிறது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று வரிசை வரிசையாக. சிமெண்ட் முகம், கண்ணும் மூக்கும் குத்துமதிப்பாகத்தான். உடம்பு முழுக்க உடைந்த கண்ணாடி வளையல். நான் ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பச்சை வளையல் துண்டுகளை நெருக்கி நெருக்கி ஈரச் சிமெண்டில் பதித்திருக்கிறார்கள், வளைவு வெளியே தெரிகிற மாதிரி. தோளில் ஒரு வரி, அதன் கீழே இன்னொரு வரி. பாவாடைக்கு வரும்போது சிவப்பு. தூரத்தில் இருந்து ஜரிகை வைத்த துணி, கிட்டே வந்தால் வளையல். அந்த ஒரு பொம்மையை மட்டும் எடுத்து என் வீட்டு வாசலில் வைத்தால் கைவினைக் கண்காட்சியில் வாங்கியது போல இருக்கும். நூறு சேர்ந்து ஒரே பக்கம் பார்த்து நிற்கும்போது ஊரே எழுந்து வந்து நிற்பது போல் இருக்கிறது. ஒரு சுவர் முழுக்கப் பழைய பீங்கான் மின் சாமான்கள். இன்னொன்று முழுக்க உடைந்த கழிப்பறைப் பீங்கான். பார்க்கும்போது அருவருப்பே வரவில்லை.

நம் ஊரிலும் இது புதிதில்லை. அய்யனார் கோயில் மண் குதிரைகளைப் பாருங்கள். நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து வைத்தது, காது உடைந்தது, கால் கரைந்தது எல்லாம் அப்படியே நிற்க, பக்கத்தில் புதிது. கூட்டமாக நிற்பதைப் பார்த்தால் ஒரு பயம் வரும், ஒற்றைக் குதிரையைப் பார்த்தால் அது வராது.

உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. காயலான் கடையில் எல்லாம் ஒன்றிரண்டு இருக்கும். யூடியூப் தோட்டங்களிலும் அப்படித்தான், ஒரு டயர், ஒரு ஷூ, ஒரு கெட்டில், எல்லாவற்றுக்கும் ஒரே பளபளா பெயிண்ட். ஒவ்வொன்றும் 'நான் முன்னால் என்னவாக இருந்தேன் தெரியுமா' என்று கேட்டுக்கொண்டு நிற்கும். உங்களிடம் முப்பது கோப்பை இருக்கிறது. அதுதான் சொத்து.

அதைக் கோப்பையாக வைத்துக்கொள்ளாதீர்கள், உடையுங்கள். சாக்குப் பைக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டினால் தெறிக்காது. இருந்தாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கொய்யா மரத்தைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குச் செங்கல் திண்ணை கட்டச் சொல்லுங்கள். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல் கலந்து கொத்தனார் பூசியதும், அது இறுகுவதற்குள் துண்டுகளைப் பதிக்க வேண்டும். ஒரு சமயத்தில் இரண்டடிக்கு மேல் பூச விடாதீர்கள், உங்கள் கை வேகத்துக்கு அது போதும். கூரான விளிம்பு கலவைக்குள் போகட்டும், பூப்போட்ட முகம் வெளியே. கையுறை கட்டாயம், பீங்கானும் கிழிக்கும், சிமெண்டும் அரிக்கும். கொஞ்சம் இறுகியதும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் பூக்கள் எழுந்து வரும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி நனைத்துவாருங்கள். கொத்தனார் முதலில் டைல்ஸ் ஒட்டலாமே என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

தையல் மிஷின் காலுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். மேலே ஒரு கடப்பா கல் போட்டால் தொட்டி வைக்கும் மேஜை. துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு எண்ணெய் தடவினால் போதும், தங்க நிறப் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். மூன்று ஜாடியையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து, பாதி மண்ணுக்குள் புதைத்துவையுங்கள். அந்தப் பழுப்பும் வெள்ளையும் செடி நடுவே தானாகவே அழகு. டிபன் கேரியர் அடுக்குகளில் செடி வைக்க வேண்டாம், எவர்சில்வர் நம் வெயிலில் தோசைக்கல். ஓட்டை இல்லாததை வேலை செய்யும் அக்காவுக்கோ பக்கத்து டீக்கடைக்கோ கொடுத்துவிடுங்கள். இன்னும் உபயோகமாகக்கூடியதைத் தோட்டத்தில் வைப்பது எனக்கு ஒப்பாது. அல்பத்தனம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

ஆட்டுக்கல் குழியில் பறவைக்குத் தண்ணீர் வைக்கலாம். மைனாவும் தவிட்டுக்குருவியும் வந்து குளிக்கும். ஆனால் வாரம் இரண்டு தடவை கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் சுற்றிலும் தேய்க்க வேண்டும். வெறுமனே கொட்டினால் போதாது. டெங்கு பரப்பும் கொசு தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓரத்தில் முட்டையை ஒட்டிவைக்கிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆட்டுக்கல்லில் இதைத் தேய்த்துவிடலாம், டயருக்குள் முடியாது. எப்படித் தொங்கவிட்டாலும் அதன் வளைவில் எங்கேயாவது ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும்.

அதனால் கிளியை ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்கிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் யாராவது அழுதால், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒரு சொம்பு ஊற்றிப் பார்த்து, அந்த இடத்தில் நாலு ஓட்டை போட்டு மறுபடி மாட்டுங்கள்.