மீனின் அழுத்தமும் சினையும்: சில கேள்விகள்

மீனுக்கு அட்ரீனல் சுரப்பியே கிடையாதாமே, பிறகு மிரளும்போது ஏறும் அழுத்த ஹார்மோனான கார்டிசால் எங்கே சுரக்கிறது?

தனிச் சுரப்பியாக இல்லை, அவ்வளவுதான். கார்டிசாலைச் சுரக்கும் செல்கள், சிறுநீரகத்தின் முன்பகுதியான தலைச் சிறுநீரகத்துக்குள் சிதறிக் கிடக்கின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், பிட்யூட்டரி இந்தச் செல்களைத் தூண்டும்.

அழுத்தத்தையும் இனப்பெருக்கத்தையும் எதற்கு முடிச்சுப் போடுகிறீர்கள்? ஹார்மோன்கள் வேறு வேறுதானே?

முடிச்சு நான் போட்டதல்ல, மரபணுவிலேயே விழுந்திருக்கிறது. சிஒய்பி11சி1 என்ற மரபணு தரும் நொதிதான் கார்டிசால் தயாரிப்பின் கடைசிப் படியை முடிக்கிறது. அதே நொதி விந்தகத்தில், மீன்களின் முக்கிய ஆண் ஹார்மோனான 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் உருவாகும் வழியிலும் நிற்கிறது. அதே வழியில் அடுத்து வரும் எச்எஸ்டி11பி2 என்ற நொதி இன்னும் வேடிக்கை. கார்டிசாலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றி அழுத்தத்தை அணைப்பதும் அதுதான், ஆண் ஹார்மோனை முழுமையாக்குவதும் அதுதான். வரிக்குதிரை மீனில் முதல் மரபணுவைச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். கார்டிசால் அடிமட்டத்துக்குப் போனது எதிர்பார்த்ததே. ஆனால் ஆண் மீன்கள் பெண் போன்ற தோற்றத்துடன் வளர்ந்தன, இயல்பாக இணை சேரவும் இல்லை. பாதையில் விடுபட்ட ஆண் ஸ்டீராய்டை வெளியிலிருந்து கொடுத்ததும் ஆண் அடையாளங்கள் திரும்பின.

தண்ணீர் சூடானால் குஞ்சுகள் ஆணாகிவிடுமா?

சில இனங்களில் ஆகும். தென் அமெரிக்காவின் பெஜெர்ரே மீனின் குஞ்சுகளை 17 டிகிரி செல்சியஸில் வளர்த்தால் எல்லாம் பெண், 29 டிகிரியில் எல்லாம் ஆண். இங்கும் கார்டிசால் வருகிறது: மெடாகா என்ற சிறு ஜப்பானிய மீனில், இரண்டு எக்ஸ் குரோமோசோம் உள்ள, அதாவது பெண்ணாக வேண்டிய குஞ்சுக்குக் கார்டிசால் கொடுத்தாலே, சூடே இல்லாமல், ஆணாக வளரக்கூடும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென்னைத் தயாரிக்கும் அரோமட்டேஸ் நொதியின் மரபணுவைக் கார்டிசால் அடக்குவது தட்டைமீனில் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் இதை எல்லா மீனுக்கும் பொருத்திவிடாதீர்கள்.

ஒரே தொட்டி மீன்களில் கார்டிசால் அளவு தாறுமாறாக வருகிறது. கருவியில் கோளாறா?

கருவியைத் திட்டுவதற்கு முன் உங்கள் வலையைப் பாருங்கள். நானும் இதில் ஒரு நாளை வீணாக்கியவன். முதல் மீனுக்கு வால் இரத்தக் குழாயில் ஊசி குத்தி இரத்தம் எடுத்து முடிப்பதற்குள், வலை உரசியதில் மிரண்ட மற்ற மீன்களுக்குச் சில நிமிடங்களில் கார்டிசால் ஏறத் தொடங்கிவிடுகிறது. கடைசியாகப் பிடித்ததில்தான் அளவு அதிகமா என்று பிடித்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மயக்கமருந்து நீருக்கு மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும்.

கார்டிசாலே இல்லாத மீனை உருவாக்கினால் பதறாமல் நிறைய முட்டையிடுமா?

மேலே சொன்ன ஆண் மீன்களை மறந்துவிட்டீர்கள்! மேலும், உப்பு நீரில் உடலின் உப்புச் சமநிலையைக் காப்பதில் கார்டிசாலுக்குப் பெரும் பங்கு உண்டு. கார்டிசாலின் சேதியைச் செல்லுக்குள் வாங்கும் ஏற்பியைச் சிதைத்த வரிக்குதிரை மீன்களில் அமைதி வரவில்லை; சுரந்தது போதும் என்று தடை போடும் வழி போனதால் கார்டிசால் உயர்ந்தே இருந்தது, புதுத் தொட்டியில் விட்டால் அவை உறைந்து நின்றன.