வாசகர் கேள்விகள்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்

கேள்வி: எனக்கு 42 வயது. பீடி சுற்றுகிறேன். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. கிராம நர்ஸ் கர்ப்பப்பை வாய் டெஸ்டுக்கு வரச் சொல்லி இரண்டு தடவை வந்துவிட்டார். போனால் அன்றையக் கூலி போய்விடும். அவசியம் போகணுமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: போங்கம்மா. தொந்தரவு இல்லாதபோது பார்க்கத்தான் இந்த டெஸ்டே. இந்தப் புற்றுக்குக் காரணமான ஹெச்பிவி என்ற வைரஸ் கிருமி தொற்றிப் புற்றாக மாற, பொதுவாக 15 முதல் 20 வருஷம் ஆகும். அந்தக் காலம் முழுக்க வலி இருக்காது. வலியும் நாற்றமும் வந்த பிறகு டெஸ்டுக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும்.

ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பதில்லை. படுக்கவைத்து, ஸ்பெகுலம் என்ற கருவியால் விரித்து, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு கர்ப்பப்பை வாயில் வைப்பார்கள். லேசாக எரியும். ஒரு நிமிஷம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

கூலி ஒரு நாளோடு போக வேண்டுமானால், தீட்டு முழுசாக நின்ற பிறகு போங்கள். முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம். உள்ளே மருந்து வைப்பதும் கழுவுவதும் வேண்டாம். வெள்ளைப்படுதல் அதிகமாக இருந்தால் நர்ஸிடம் முன்னாலேயே சொல்லுங்கள். அதற்கு மருந்து கொடுத்த பிறகு டெஸ்டுக்கு வரச் சொல்வார்கள். வீண் அலைச்சல் மிச்சமாகும்.

வெள்ளைத் திட்டு தெரிந்தால் புற்று என்று அர்த்தமில்லை. புண், அழற்சி இருந்தாலும் வெளுக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கச் சொல்வார்கள். கிராமத்துப் பெண்கள் கைநழுவிப்போவது இந்த இரண்டாம் பயணத்தில்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதே டெஸ்டை நடத்தி, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். டெஸ்ட் நடந்த ஊர்களில் இந்தப் புற்றால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே தேவைப்பட்டவர்களுக்கு கெட்ட திட்டை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் நர்ஸே அன்றைக்கே செய்தார். நம் ஊரில் அன்றைக்கே நடக்காவிட்டால், எந்தக் கிழமை, எந்த ஓ.பி. என்று சீட்டில் எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 57 வயசு. தீட்டு நின்னு எட்டு வருஷமாச்சு. இப்போ லேசா கறை படுது. சூடுன்னு சொல்லி வெந்தயம் குடிக்காங்க.
– வாசகர், களக்காடு

பதில்: இது சூடு இல்லை. தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டுக் கறை பட்டாலும் நேரே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி மகப்பேறு ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். மேலே சொன்ன டெஸ்ட் இவருக்குப் போதாது. இந்த வயதில் பார்க்க வேண்டிய இடம் உள்வாங்கிவிடும். 'ஒன்றுமில்லை' என்று வருகிற முடிவை நம்ப முடியாது. சதை எடுத்துப் பார்க்க வேண்டும், கர்ப்பப்பையை ஸ்கேனும் செய்ய வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புற்று என்று உறுதியாகி கதிர்வீச்சு எழுதினால், வாரம் ஐந்து நாள் வீதம் சுமார் ஐந்து வாரம், பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இடையில் நாள் விட்டால் பலன் குறையும். களக்காட்டிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போனால் இரண்டாம் வாரமே தளர்ந்துவிடுவார். தொடங்கும் முன்பே, தங்கிச் சிகிச்சை பெற இடம் கேளுங்கள்.

கேள்வி: பேத்திக்கு 12 வயது. வயசுக்கு வந்த பிறகு ஹெச்பிவி தடுப்பூசி போட்டால் போதாதா?
– வாசகி, விக்கிரமசிங்கபுரம்

பதில்: வயதுக்கு வருவதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. 9 முதல் 14 வயதுதான் சரியான காலம், இப்போதே போடுங்கள். வழக்கமாக ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. ஒன்றே போதும் என்றும் 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. ஊசி போட்டவளும் 30 வயதில் டெஸ்டுக்குப் போக வேண்டும்.